மெக்கானிக் வர்றார்னா மனசு ஏன் பதறணும்? – வாசகர் கேள்வி பதில்

வெயில் ஏற ஆரம்பிச்சிடுச்சு. கடலூர், பாண்டி ரெண்டு பக்கமும் ஏசி மெக்கானிக்கைப் பிடிக்கறதே இப்ப பெரிய வேலை, எனக்கு வர்ற கடிதங்களும் முக்கால்வாசி இதைச் சுத்தியே வருது. அதனால இந்த இதழ்ல வேற கேள்வி எதையும் எடுத்துக்கல, வீட்டுக்கு ரிப்பேர் பண்ண வர்றவங்க சம்பந்தப்பட்டது மட்டும் தான்.

அக்கா, லாஸ்பேட்டையில ஒரு மாடி வீட்ல வாடகைக்கு இருக்கோம். என் வீட்டுக்காரருக்கு சென்னையில வேலை, சனி ஞாயிறு தான் வருவார். மத்த நாள்ல நானும் நாலு வயசு பொண்ணும் மட்டும் தான். பெட்ரூம் ஏசி கூல் ஆகல, மெக்கானிக் வார நாள்ல பகல்ல தான் வருவாராம். யாருன்னே தெரியாத ஆளை பெட்ரூம் வரைக்கும் விட பயமா இருக்கு. என் வீட்டுக்காரர்கிட்ட சொன்னா சும்மா பயப்படறன்னு சொல்றார். நான் ஓவரா யோசிக்கறேனா? – வாசகி, லாஸ்பேட்டை

ஓவரா எல்லாம் இல்லம்மா. தனியா இருக்கீங்க, கூட சின்னக் குழந்தை, தெரியாத ஒருத்தர் பெட்ரூம் வரைக்கும் வரணும்னா யோசிக்கத்தான் தோணும், இதுல வெட்கப்பட ஒண்ணும் இல்ல. ஆனா வர்றவரோட மூஞ்சியப் பாத்தே நல்லவரா கெட்டவரான்னு கண்டுபிடிச்சிடலாம்னு மட்டும் நினைக்காதீங்க, அது யாராலயும் முடியாது. யார் வர்றாங்க, எதுக்கு வர்றாங்க, எவ்ளோ ஆகும், வேலைய எப்ப நிறுத்தலாம், இந்த நாலும் உங்க முடிவா இருக்கட்டும். இது உங்க கையில இருந்தா பயம் தானா குறையும்.

ஆளை எங்க இருந்து கூப்பிடறீங்கங்கறது தான் முதல் விஷயம். கீழ வீட்டு ஓனர் அம்மா, பக்கத்து வீட்டுக்காரங்க, ஸ்கூல் வாசல்ல பாக்கற மத்த அம்மாக்கள்னு கேட்டுப் பாருங்க, வருஷக்கணக்கா ஒருத்தரே வந்து செஞ்சிட்டுப் போற வீடு ஒண்ணாவது இருக்கும். அந்த ஆள் தான் முதல் சாய்ஸ், ஏன்னா அந்தத் தெருவுல அவருக்குப் பேர் கெட்டா பத்து வீட்டு வேலை போயிடும். அப்படி யாரும் கிடைக்கலன்னா போர்டு வெச்ச கடையா பாத்து சாயந்தரம் பொண்ணையும் கூட்டிக்கிட்டு நேர்லயே போய் புக் பண்ணுங்க, போன்லயே முடிச்சிடலாம் தான், ஆனா கடைய ஒரு தடவை கண்ணால பாத்துட்டா, நாளைக்கு ஏதாவதுன்னா எங்க போய் கேக்கறதுன்னு தெரிஞ்சிருக்கும். ஆப்ல புக் பண்றதும் தப்பில்ல, வர்றவர் போட்டோ, பேரு எல்லாம் முன்னாடியே வந்துடும், ரெக்கார்டும் இருக்கும். ஆனா வந்தவர் "மேடம், ஆப்ல கேன்சல் பண்ணிடுங்க, நான் நேரா கம்மியா செஞ்சு தரேன்"னு சொன்னா ஒத்துக்காதீங்க. இருநூறு முந்நூறு மிச்சம்னு பாத்தா வாரண்டியும் போச்சு, அவர் வந்ததுக்கான அடையாளமும் போச்சு.

போன்ல பேசும்போதே வர்றவர் பேரு என்ன, ஒருத்தரா ரெண்டு பேரா, விசிட்டிங் சார்ஜ் எவ்ளோ, வேலை செஞ்சா அது பில்லுல கழிஞ்சிடுமான்னு கேட்டுடுங்க. என்ன ரிப்பேர்ங்கறத பாத்துட்டு தான் சொல்ல முடியும்னு சொன்னா அது நியாயம், ஆனா விசிட்டிங் சார்ஜ கூட "வந்து சொல்றேன்"னு சொன்னா வேற ஆளைப் பாருங்க. கழுத்துல தொங்கற ஐடி கார்டை மட்டும் பாத்து நம்பிடாதீங்க, லேமினேட் பண்ண கார்டை எந்த ஜெராக்ஸ் கடையிலயும் போட்டுக்கலாம். கிரில் கதவைத் திறக்கறதுக்கு முன்னாடி, நீங்க புக் பண்ண அதே நம்பருக்கு நீங்களே ஒரு போன் போட்டு "இன்ன பேர்ல ஒருத்தர் வந்திருக்கார், உங்க ஆள் தானே"ன்னு கேளுங்க, இது ஒரு நிமிஷ வேலை, நேர்மையான மெக்கானிக் யாரும் இதுக்குக் கோச்சுக்க மாட்டார்.

நேரம் உங்க வசதிக்கு இருக்கட்டும். காலையில பத்து பதினொரு மணிக்கு, கீழ ஓனர் வீட்ல ஆள் இருக்கற நேரமா சொல்லுங்க, இருட்டினதுக்கு அப்புறம் "இப்ப தான் ஃப்ரீ ஆனேன், வரட்டுமா"ன்னு கேட்டா நாளைக்கு வாங்கன்னு சொல்லிடுங்க, ஒரு ராத்திரி ஃபேன்லயே ஓட்டிடலாம். நகை, பணம், பீரோ சாவி, ஆதார் ஜெராக்ஸ் எல்லாத்தையும் அவர் வர்றதுக்கு முன்னாடியே எடுத்து உள்ள வெச்சுப் பூட்டிடுங்க, அவர் எதிர்ல எடுத்து வெச்சா அவருக்கும் சங்கடம், எங்க வெக்கறீங்கன்னும் தெரிஞ்சு போயிடும். பொண்ணைக் கீழ் வீட்ல கொஞ்ச நேரம் விட முடிஞ்சா நல்லது, இல்லன்னா ஹால்ல உங்க கண்ணு முன்னாடி விளையாடட்டும்.

அவர் வேலை பாக்கும்போது வாசக் கதவு திறந்தே இருக்கட்டும். நீங்க ரூமுக்குள்ள மூலையில போய் நிக்காம வாசப்படி பக்கம் இருங்க, உங்களுக்கும் வெளிய போற வழிக்கும் நடுவுல அவர் நிக்கற மாதிரி வெச்சுக்காதீங்க. அவுட்டோர் யூனிட் மொட்டை மாடியில இருந்தா அவரே போய் பாத்துட்டு வரட்டும், நீங்க கூடப் போகணும்னு ஒண்ணும் இல்ல. வந்த உடனே வீட்டுக்காரருக்குப் போன் போட்டு "மெக்கானிக் வந்துட்டார், இன்ன கடையில இருந்து, பேரு இது"ன்னு அந்த மெக்கானிக் காதுல விழற மாதிரியே சொல்லுங்க. பேச்சுவாக்குல "சார் எங்க வேலை பாக்கறார், எப்ப வருவார்"னு கேப்பாங்க, பெரும்பாலும் சும்மா தான் கேப்பாங்க, இருந்தாலும் சனிக்கிழமை தான் வருவார்ங்கற கணக்கெல்லாம் சொல்ல வேணாம், வந்துடுவார்னு சொன்னா போதும்.

இதுக்கு மேலயும் ஏதோ சரியா படலன்னா, பார்வையோ பேச்சோ பிடிக்கலன்னா, சொல்லாத இன்னொரு ஆள் கூட வந்து நின்னா, ஏசி பாதி கழட்டின நிலையில இருந்தாலும் பரவால்ல, "இன்னைக்குப் போதுங்க, மீதிய அப்புறம் பாத்துக்கலாம்"னு சொல்லி விசிட்டிங் சார்ஜைக் கொடுத்து அனுப்பிடலாம். காரணம் சொல்லணும்னு கட்டாயமே இல்ல, நிறைய பேர் ஒரு மனுஷன் மனசு நோகுமேன்னு தான் சும்மா இருந்துடறாங்க. அவசரம்னா 112, பெண்களுக்கான உதவிக்கு 181, ரெண்டும் பாண்டி, கடலூர் எங்க இருந்தாலும் வேலை செய்யும். காவல் உதவின்னு ஒரு ஆப் இருக்கே, அது தமிழ்நாடு போலீஸோடது, கடலூர் பக்கம் இருக்கறவங்க போன்ல போட்டு வெச்சுக்கலாம், உங்களுக்கு பாண்டியில 112 தான் சரி.

உங்க வீட்டுக்காரர் இதைப் படிச்சா ஒண்ணு சொல்லிக்கறேன். தம்பி, அவங்க பயத்தை சும்மான்னு சொல்லாம, மெக்கானிக் வர்ற அந்த அரை மணி நேரம் போனை எடுக்கற மாதிரி இருங்க, அது பெரிய துணை.

மஞ்சக்குப்பத்துல நானும் என் மனைவியும் மட்டும் இருக்கோம், ரெண்டு பேருக்கும் எழுபது தாண்டிடுச்சு, பிள்ளைங்க வெளிநாட்டுல. நாங்க கூப்பிடாமயே ரெண்டு பசங்க டை கட்டிக்கிட்டு "கம்பெனியில இருந்து வர்றோம், வாட்டர் டெஸ்ட் ஃப்ரீ"ன்னு வந்தாங்க. எங்க குழாய்த் தண்ணியையும் அவங்க கொண்டு வந்த பாட்டில் தண்ணியையும் ரெண்டு கிளாஸ்ல ஊத்தி ஒரு கருவியை விட்டாங்க, எங்க தண்ணி சேறு மாதிரி பழுப்பா மாறிடுச்சு, அவங்க தண்ணி அப்படியே இருந்துச்சு. என் மனைவி பயந்தே போயிட்டா. ஆர்ஓ மெஷின்ல எல்லாமே போயிடுச்சுன்னு ஃபில்டரை மாத்திட்டு 9,000 ரூபாய் வாங்கிட்டுப் போயிட்டாங்க, பில் இல்ல. கம்பெனியில கேட்டா நாங்க யாரையும் அனுப்பலங்கறாங்க. – வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

ஐயா, முதல்ல அம்மாகிட்ட சொல்லுங்க, அந்தப் பழுப்பு நிறம் உங்க தண்ணியில இருந்த அழுக்கு இல்ல. அந்தக் கருவியில இரும்புக் கம்பி இருக்கும், கரண்ட் பாயும்போது அந்த இரும்பு தான் கரைஞ்சு துருவா மிதக்குது. தண்ணியில உப்பு, தாது இருந்தா தான் கரண்ட் நல்லா பாயும், குழாய்த் தண்ணியில அது இயல்பாவே இருக்கும், அதனால நிறம் மாறும். ஆர்ஓ தண்ணியில உப்பு ரொம்பக் கம்மி, கரண்ட் சரியா பாயாது, அதனால அப்படியே நிக்கும். அவங்க பாட்டில் தண்ணியில ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டுட்டு அதே டெஸ்ட்டைப் பண்ணச் சொல்லியிருந்தா அதுவும் பழுப்பாயிருக்கும். இத வயசானவங்களா பாத்து செஞ்சு காட்டி பயமுறுத்தறாங்க பாருங்க, அதை நினைச்சா எனக்கு மனசு கொதிக்குது.

டிடிஎஸ் மீட்டர்னு பேனா மாதிரி ஒண்ணு காட்டுவாங்க, அது கரைஞ்சிருக்கற உப்போட அளவைத்தான் சொல்லும், கிருமி இருக்கா இல்லையான்னு சொல்லாது. குடிதண்ணிக்கு இந்தியத் தர அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரைக்கும் நல்லதுன்னு சொல்லுது, வேற தண்ணி கிடைக்காத இடத்துல 2,000 வரைக்கும் ஒத்துக்கறாங்க. நம்ம கடலோரத்துல போர் தண்ணி உப்பாத்தான் இருக்கும், மீட்டர்ல நம்பர் ஏறுதேன்னு பதற வேணாம். ஆர்ஓவுல இருந்து வெளிய வர்ற தண்ணியோட நம்பர், உள்ள போற தண்ணி கிட்டயே வந்துடுச்சுன்னா தான் மெம்ப்ரேன், அதாவது உப்பை வடிகட்டற சவ்வை மாத்தற நேரம்.

பணம் விஷயத்துக்கு வருவோம். கம்பெனி பேரை பொய்யா சொல்லி வந்திருக்காங்க, அதனால உங்க ஏரியா போலீஸ் ஸ்டேஷன்ல எழுத்து மூலமா புகார் கொடுங்க, கம்பெனி யாரையும் அனுப்பலன்னு சொன்னதை மெயில்ல வாங்கிச் சேருங்க. ஜிபேல பணம் போட்டிருந்தா அதுல யார் பேருக்குப் போச்சுன்னு இருக்கும், அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துடுங்க. கேட்டும் பில் தராம இருக்கறதையே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தப்புன்னு சொல்லுது, நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் பண்ணா வழி சொல்வாங்க. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல 5 லட்சம் வரைக்கும் புகாருக்குக் கட்டணம் கிடையாது, 2 வருஷத்துக்குள்ள கொடுக்கணும், முக்கியமா நீங்க குடியிருக்கற ஊர்லயே கொடுக்கலாம். அவங்க பாண்டி ஆளா இருந்தா பாண்டிக்கு அலையணுமோன்னு நினைக்காதீங்க, கடலூர்லயே கொடுக்கலாம். தனியா இருக்கற பெரியவங்களுக்குன்னே 14567-ன்னு ஒரு உதவி எண்ணும் இருக்கு.

இதே மாதிரி கேஸ் ஏஜென்சின்னு சொல்லிக்கிட்டு ட்யூப் மாத்த வர்றவங்களும் இருக்காங்க. ஏஜென்சியோட கட்டாயச் சோதனை 5 வருஷத்துக்கு ஒரு தடவை தான். யார் வந்தாலும் கதவுக்கு வெளியவே நிக்க வெச்சு, கேஸ் புக்குல இருக்கற நம்பருக்குப் போன் போட்டுக் கேட்டுட்டு அப்புறம் விடுங்க. நிஜமாவே கேஸ் வாசனை வந்தா, கேஸ் லீக் அவசர எண் 1906-க்கு அடிங்க.

ஃப்ரிட்ஜ் ரிப்பேருக்கு நெட்ல கஸ்டமர் கேர் நம்பர் தேடிப் பேசினேன். 10 ரூபாய் ரெஜிஸ்ட்ரேஷன்னு லிங்க் அனுப்பினாங்க, ஒரு ஆப் போடச் சொன்னாங்க, போட்டேன். அக்கவுண்ட்ல இருந்து 38,000 போயிடுச்சு. வீட்ல சொல்லவே கூச்சமா இருக்கு. – வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

தம்பி, கூச்சத்தை ஓரமா வெச்சிட்டு, ஆன்லைன் பண மோசடிக்கான உதவி எண் 1930-க்கு அடிச்சாச்சான்னு முதல்ல பாருங்க, இல்லன்னா இந்த இதழைக் கீழ வெச்சிட்டு இப்பவே அடிங்க. பணம் ஒரு அக்கவுண்ட்ல இருந்து அடுத்ததுக்குத் தாவறதுக்குள்ள சொன்னா அங்கயே நிறுத்தி வெக்க வாய்ப்பு இருக்கு, நேரம் ஆக ஆக அது குறையும். கூடவே பேங்குக்கும் சொல்லி புகார் எண் வாங்கிக்கோங்க. 2017-ல ரிசர்வ் பேங்க் போட்ட விதிப்படி, நாமளே தெரியாம விவரம் கொடுத்து பணம் போயிருந்தாலும், பேங்குக்கு சொன்ன நேரத்துக்கு அப்புறம் போற பணத்துக்கு பேங்க் தான் பொறுப்பு. அந்த ஆப்பை எடுத்துடுங்க, உங்க ஸ்கிரீனை அவங்க பாக்கறதுக்குத் தான் அதைப் போடச் சொல்லியிருப்பாங்க. பாஸ்வேர்டு, யுபிஐ பின் எல்லாத்தையும் வேற போன்ல இருந்து மாத்துங்க.

நெட்ல, மேப்ல இருக்கற நம்பரை யார் வேணும்னாலும் ஏத்தலாம், மாத்தலாம். சரியான நம்பர் வாரண்டி கார்டுல இருக்கும், ஃப்ரிட்ஜ் பின்னாடியோ உள்பக்கமோ ஒட்டின ஸ்டிக்கர்லயும் இருக்கும், வாங்கின ஷோரூம்ல கேட்டாலும் தருவாங்க. ரிப்பேருக்கு ஆள் அனுப்பறதுக்கு எந்த ஆப்பும் போட வேண்டியதில்ல, உங்களுக்கு பணம் வர்றதுக்கு பின் நம்பர் போட வேண்டியதே இல்ல, பின் கேட்டாலே பணம் வெளிய போகுதுன்னு அர்த்தம். அப்புறம் வீட்ல சொல்லிடுங்க, அம்மா அப்பாவும் அடுத்து இதே மாதிரி தான் நம்பர் தேடுவாங்க.

தேவனாம்பட்டினத்துல வீடு. வருஷா வருஷம் ஏசியில கேஸ் தீந்துடுச்சுன்னு ஃபில் பண்றாங்க. உண்மையா, ஏமாத்தறாங்களா? – வாசகி

ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓட தீர்ற பொருள் இல்லம்மா. மூடின குழாய்க்குள்ளயே சுத்திக்கிட்டிருக்கும், குறைஞ்சா எங்கயோ லீக்னு அர்த்தம். லீக்கை அடைக்காம கேஸ் மட்டும் ஏத்தினா அடுத்த வருஷமும் வருவார், அதுக்கு அடுத்த வருஷமும் வருவார். கேஜ் மாட்டி பிரஷர் காட்டச் சொல்லுங்க, நைட்ரஜன் ஏத்தி லீக் எங்கன்னு பாத்துட்டு, அடைச்சுட்டு, வேக்கம் போட்டு (குழாய்க்குள்ள இருக்கற காத்தை வெளிய இழுத்துட்டு), அப்புறம் தராசுல எடை பாத்து ஏத்தச் சொல்லுங்க. எத்தனை கிராம் கேஸ்னு அவுட்டோர் யூனிட் ஸ்டிக்கர்லயே போட்டிருக்கும், அதை போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. ஆர்32-ங்கற வகை கேஸா இருந்தா லேசா தீப்பிடிக்கக் கூடியது, வேலை நடக்கும்போது ஜன்னல் எல்லாம் திறந்திருக்கட்டும்.

உங்க விஷயத்துல மெக்கானிக் பொய் சொல்லாமயும் இருக்கலாம், அதையும் சொல்லணும். சில்வர் பீச் காத்துல உப்பு, காயில் அரிச்சு நிஜமாவே ஓட்டை விழும். அவுட்டோர் யூனிட்டை நல்ல தண்ணியில அப்பப்ப கழுவி விடுங்க, மெயின் ஸ்விட்ச்சை ஆஃப் பண்ணிட்டு.

அக்கா, ரெட்டியார்பாளையத்துல ஃப்ரெண்ட்ஸோட வீடு எடுத்துத் தங்கி வேலைக்குப் போறேன். வாஷிங் மெஷின் சரி பண்ணிட்டுப் போனவர் அந்த நம்பர்ல குட் மார்னிங், சாப்டியான்னு மெசேஜ் போட்டுக்கிட்டே இருக்கார். பிளாக் பண்ணா கோவத்துல வீட்டுக்கே வந்துடுவாரோன்னு பயமா இருக்கு. – வாசகி

தங்கச்சி, ஒரே ஒரு மெசேஜ் தெளிவா போடு: "ரிப்பேர் சம்பந்தமா தவிர எனக்கு மெசேஜ் பண்ணக் கூடாது." ஸ்மைலி, ப்ளீஸ், சாரி எதுவும் வேணாம். எல்லாத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஃப்ரெண்ட் ஒருத்திக்கும் அனுப்பி வை, அவரை அனுப்பின கடைக்கும் காட்டு. அதுக்கப்புறமும் மெசேஜ் வந்தா அது குற்றம், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதாவோட 78-வது பிரிவு, வேணாம்னு சொன்ன பொண்ணை விடாம தொடர்பு கொள்றதைத் தான் சொல்லுது. 181-ல சொல்லு, ஸ்டேஷன்லயும் கொடு, அவர் கடலூர் ஆளா இருந்தாலும் உன் பக்கத்து ஸ்டேஷன்லயே புகார் வாங்கணும், எங்க ஏரியா இல்லன்னு திருப்பி அனுப்பக் கூடாது. பிளாக் பண்றது இதுக்கெல்லாம் அப்புறம். கீழ் வீட்டுக்காரங்க கிட்டயும் கூடத் தங்கறவங்க கிட்டயும் இன்னைக்கே சொல்லிடு, இதை நீ மட்டும் தனியா சுமக்கக் கூடாது. இனிமே சர்வீஸுக்கு நம்பர் கேட்டா கடை நம்பருக்கு நீயே கூப்பிடறேன்னு சொல்லிடலாம்.

நான் ஏசி மெக்கானிக், ஐடிஐ படிச்சவன், முதுநகர்ல கடை. நீங்க எல்லாம் எங்களைப் பாத்து ஜாக்கிரதைன்னே எழுதறீங்க. ஒரு வீட்ல மோதிரம் காணோம்னு என் பையைக் கொட்டச் சொன்னாங்க, அப்புறம் பாத்ரூம்லயே கிடைச்சுது, ஒரு சாரி கூட இல்ல. இரண்டாவது மாடி சன்ஷேடுல ஒத்தக்கால்ல நின்னு வேலை பாருன்னு சொல்றாங்க. எங்க பாதுகாப்பைப் பத்தி யார் எழுதறது? – வாசகர், கடலூர் முதுநகர்

தம்பி, உங்க கேள்வி நியாயம், அதனால தான் இந்தப் பக்கத்துலயே போடறேன். அந்த வீட்ல உங்களுக்கு நடந்தது அவமானம், அவங்க மன்னிப்பு கேட்டிருக்கணும்.

நகை, பணத்தை முன்னாடியே எடுத்து உள்ள வெக்கச் சொல்லி நீங்களே போன்ல கேளுங்க, அது உங்களையும் காப்பாத்தும். வேலை தொடங்கறதுக்கு முன்னாடி மெஷின் இருக்கற நிலைய ஒரு போட்டோ, அவங்க எதிர்லயே. வேலை நடக்கற ரூமைத் தவிர வேற ரூமுக்குள்ள கால் வெக்காதீங்க, தண்ணி வேணும்னா கேட்டு வாங்கிக்கோங்க. கழட்டின பழைய ஸ்பேரை அவங்க கையிலயே கொடுங்க, கடை பேரு, உங்க பேரு, தேதி, போட்ட பார்ட் எல்லாம் எழுதின பில் கொடுங்க, கையால எழுதினதா இருந்தாலும் பரவால்ல. தமிழ்நாடு போலீஸ் வெப்சைட்ல தனிநபர் சரிபார்ப்புக்கு விண்ணப்பிக்கலாம், அந்தச் சான்றை கடையில மாட்டி வெச்சா புதுசா வர்ற கஸ்டமருக்கு ஒரு தைரியம். பையைத் திறக்கச் சொன்னா, நீங்களா சண்டை போடாதீங்க, "போலீஸை வரச் சொல்லுங்க, அவங்க எதிர்ல திறக்கறேன்"னு சொல்லலாம், அது உங்க உரிமை.

சன்ஷேடு விஷயத்தை வீட்டுக்காரங்க எல்லாரும் கேட்டுக்கணும். சன்ஷேடு மழையும் வெயிலும் தடுக்கக் கட்டினது, ஒரு ஆள் நின்னு முப்பது நாப்பது கிலோ யூனிட்டைத் தூக்கறதுக்கு இல்ல, அதுவும் கடல் காத்துல கம்பி துருப்பிடிச்சு சிமெண்ட் பேந்து கிடக்கற பழைய வீடுங்க நம்ம ஊர்ல நிறைய. பெல்ட்டும் கயிறும் சாரமும் இல்லாம ஏற மாட்டேன்னு மெக்கானிக் சொன்னா, அதுக்கு ஆகற கூடுதல் காசைக் கொடுங்க. மெயின் ஸ்விட்ச்சை ஆஃப் பண்ணிட்டா மட்டும் போதாது, வீட்ல வேற யாரும் போய் போட்டுடாம அங்க ஒரு ஆள் நிக்கணும், இன்வெர்ட்டர் லைன் எதுன்னும் அவர்கிட்ட சொல்லணும். கரண்ட் லீக் ஆனா தானா ஆஃப் ஆகற 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி ஸ்விட்ச் வீட்ல இருந்தா அதோட டெஸ்ட் பட்டனை அவர் எதிர்ல ஒரு தடவை அமுக்கிக் காட்டுங்க, ஸ்விட்ச் ஆஃப் ஆகி விழலன்னா முதல்ல அதைத்தான் மாத்தணும்.

உங்களுக்கு ஒண்ணு தம்பி, ஏற முடியாதுன்னு நினைச்சா ஏறாதீங்க. அந்த வேலை போனா போகட்டும், அடுத்த வீட்ல இருந்து போன் வரும்.